லேபிள் ஒட்டாத உடம்பு

சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்வார் சவரிராயன். ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பார். ஓசை மணியைப் போல நீண்டு ஓய்ந்தால் அடுத்த சக்கரத்துக்கு நகர்வார். அமுங்கிப்போய் ஓட்டைப் பானையைத் தட்டினதுபோலக் கேட்டால், வாயிலிருக்கிற வெற்றிலையைத் துப்பிவிட்டு இன்னொரு தட்டு. பிறகு குனிந்து, அச்சு உருளுகிற எண்ணெய்ப் பெட்டியின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். எங்கள் சேலம் ஜங்ஷனில் எந்த வண்டி வந்து நின்றாலும் ஜனங்கள் எல்லாம் பிளாட்பாரத்துப் பக்கம் ஏறி இறங்கி முட்டிமோதிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் இந்த மனிதர் மாத்திரம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருப்பார். வண்டிக்குள் இருப்பவர்கள் அடியில் கேட்கிற 'டங், டங்' ஓசையைக் கவனிக்கிறதே இல்லை.

ஐம்பதை ஒட்டின வயது. கறுத்துக் கட்டையான உடம்பு. மீசையில் நரை உண்டு, தலையில் இல்லை. பல் ஒன்றும் விழவில்லை. ரயில்வே கொடுத்த நீலச் சட்டை, காதோரத்தில் ஒரு சாக்கட்டி, இடக்கையில் பசை டின். வேலை முடிந்து ரயில்வே குடியிருப்பான எங்கள் லைனுக்குள் அவர் வருவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். புளித்த மைதாப் பசையும் சக்கரத்து எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. அவர் குடித்தனம் இருக்கிற வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எங்கள் வீட்டுக்காரர் அதே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நான் திருச்செங்கோட்டு மலைக்குப் போகிறவள். இருந்தும் பண்டிகை வந்தால் சுவருக்கு மேலே பலகாரம் போகும், வரும்.

பசை டின் எதற்கென்றால், பழுது கண்ட கூட்ஸ் வேகனுக்கு ரயில்வேயில் 'சிக்' என்று பேர். இங்கிலீஷில் உடம்பு சரியில்லை என்பதற்கு உள்ள அதே வார்த்தைதான். வண்டிகளைச் சோதிக்கிற எக்ஸாமினர் துரை பார்த்துத் தலையசைத்ததும், அந்த வார்த்தையை அச்சடித்த சீட்டு ஒன்றை வேகனில் ஒட்டுவது சவரிராயன் வேலை. சீட்டின் நடுவில் பசையை வைத்து விரலால் ஓரத்துக்கு இழுப்பார். ஒட்டினபின் நாலு மூலையையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்துவார். அந்த அழுத்தலில் ஓர் அவசரம் இராது. விபூதி இடுகிற குருக்கள்கூட அவ்வளவு நிதானமாக இடமாட்டார்.

அப்புறம் அந்த வேகனைத் தனியே கழற்றிக் கொண்டுபோய் யார்டுக்குக் கோடியில் வேப்பமரத்தடியில் இருக்கும் லைனில் விட்டுவிடுவார்கள். "லேபிள் ஒட்டிட்டா முடிஞ்சுது, தங்கச்சி," என்பார் என்னிடம். "அப்புறம் எமனே எஞ்சினோட்டிக்கிட்டு வந்தாலும் அதுலே கொக்கி மாட்டக் கூடாது. தொரை வந்து கிழிக்கற வரைக்கும் அதுக்கு ஒருத்தரும் தொந்தரவு குடுக்க முடியாது." வேலை முடிந்து வருகிற வழியில் அந்த லைன் பக்கம் போய் நின்றுவிட்டு வருவது அவருக்கு வழக்கம். வெள்ளைக்கல் சுமந்து சுமந்து அடிப்பலகை உடைந்த வேகன் ஒன்று அங்கே நிழலில் கிடக்கும். அதைப் பார்த்து, "மகராசி, என்னமாப் படுத்திருக்குது பாரு," என்று பெருமூச்சு விடுவாராம். எங்கள் வீட்டுக்காரர் காதால் கேட்டுவந்து சொன்னது.

இந்த வார்த்தையைப் பற்றிச் சவரிராயனிடம் வாயைக் கொடுத்தால் சோறு ஆறிப்போகும். "காச்சல் வேறே, சிக்கு வேறே," என்று ஆரம்பிப்பார். "காச்சல், ஒடம்பு தானாச் சொல்றது. சிக்குங்கறது இன்னொருத்தரு சொல்றது. வேகன் எந்திரிச்சு வந்து எனக்குச் சொகமில்லேன்னு சொல்லுமா? ஒருத்தன் தட்டிப் பாக்கோணும், தொட்டுப் பாக்கோணும், அப்பறம் ஒட்டோணும். மனுசனுக்கும் அதே மாதிரித்தான். தன் முதுகுலே தானே லேபிள் ஒட்டிக்க முடியுமா, சொல்லு?"

அது எங்கிருந்து வந்த வார்த்தை என்பதற்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. ரயிலோடு வந்ததாம். தண்டவாளம் போடுகிறதற்கு முந்தி இந்தச் சேலத்துச் சீமையில் ஒருத்தருக்கும் 'சிக்' கிடையாதாம். "எங்கப்பன் காலத்துலே சொரம் வரும், பேதி வரும், அம்மை போடும். மேலுக்குச் சொகமில்லேம்பாங்க, படுப்பாங்க, எந்திரிப்பாங்க, இல்லாட்டிப் போயிருவாங்க. வெள்ளைக்காரன் வந்தான், எல்லாத்துக்கும் சேத்து ஒரே சொல்லு வெச்சான். குதிரைக்கும் அதான், கப்பலுக்கும் அதான், கலெக்டருக்கும் அதான்."

கப்பலுக்கு அந்தச் சொல் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும், அதுவும் திருச்செங்கோட்டில், தமிழில். அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரு தரம் வெகுளியாகச் சொல்லிவிட்டேன். "எங்க ஊர்ப்பக்கம் கோழி சுருண்டு படுத்துக்கிட்டாச் சீக்கு வந்துருச்சும்பாங்கண்ணா. அது இதுதானுங்களா?" பாவம், அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். பிறகு, "அது பட்டிக்காட்டுச் சனங்க இழுத்துப் பேசறது," என்றார். "கோழிக்கு வந்தாச் சீக்கு. ரயில்வேக்கு வந்தாத்தான் சிக்கு."

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு அந்தச் 'சிக்' மாத்திரம் வாய்க்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளாக ஒரு தலைவலி, ஒரு சலதோஷம் கிடையாது. லைனில் அத்தனை ஆண்களும் ஏதாவது ஒரு சமயம் சிக் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டவர்கள். இவர் ஒருவர்தான் பாக்கி. இதைச் சொன்னால் யாரும் பாக்கியம் என்பார்கள். அவருக்கு அது ஆறாத மனக்குறை. அதற்குக் காரணம் அவர் மனைவி பெரியநாயகி.

எங்கள் லைனில் யார் படுத்தாலும் முதலில் தெரிவது பெரியநாயகிக்குத்தான். எப்படித் தெரியுமோ, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். அவர்கள் ஒரே பெண் ரோசி போத்தனூரில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். வீட்டில் இரண்டே பேர். அதனால் அவளுடைய பொழுதெல்லாம் நோயாளிகளுக்கு. நோயாளியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேதத்தில் புண்ணியங்களில் ஒன்று என்று சொல்வாள். எந்த வேதத்தில்தான் அது புண்ணியம் இல்லை? ஆனால் அந்தப் புண்ணியத்தை அவளைப்போலச் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை. முதலில் புறங்கையை நெற்றியில் வைப்பாள், அப்புறம் கழுத்தில். பிறகு நொய்யரிசியை வறுத்துக் கஞ்சி காய்ச்சி, சீரகத்தைப் பொடித்துப் போட்டு, உப்பை விரல் நுனியால் கிள்ளி விடுவாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே தலைமாட்டில் உட்காருவாள். "எஞ்சாமியில்லே, ஒரு மொடக்கு. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சுரு. இன்னொண்ணு. அவ்வளவுதான், அவ்வளவுதான்." கிழவனாக இருந்தாலும் இதே பேச்சு. எனக்கு முறைக்காய்ச்சல் வந்தபோது அந்தக் கை என் நெற்றியில் பட்டிருக்கிறது. மருந்தே வேண்டாம் என்று தோன்றும்.

சவரிராயன் அந்தக் கையைத் தினமும் பார்க்கிறார். அவர் நெற்றியில் அது பட்டதில்லை.

லைனில் யாராவது படுத்துவிட்டால் வேலை முடிந்து நேரே அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். உள்ளே நுழையமாட்டார். நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "இன்னைக்கு என்ன கஞ்சி?" என்பார். "சீரகம் போட்டாளா? எத்தனை வாட்டி வந்தா?" நோயாளியை மேலும் கீழும் பார்ப்பார். "இவனுக்கு ஒண்ணுமே இல்லியே. நல்லா ஓடற வண்டியைக் கொண்டாந்து சிக்குலே போட்டிருக்கறாங்க." ஆரம்பத்தில் எல்லாரும் அக்கறையினால் கேட்கிறார் என்றே நினைத்தார்கள். கோடி வீட்டு முத்தாயம்மாள்கூட, "அண்ணனுக்கு நம்ம பேர்லே எத்தனை பிரியம் பாத்தீங்களா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தெரியும். ஒரே சுவர் அல்லவா?

"காத்தாலே அந்த வீட்டுக்கு ரசம் கொண்டுபோனியே, இஞ்சி தட்டிப் போட்டியா?"

"போட்டேனுங்க."

"நேத்து எனக்கு வெச்ச ரசத்துலே இஞ்சியே இல்லே."

"உங்களுக்கு எதுக்குங்க இஞ்சி?"

 கொஞ்ச நேரம் கழித்துச் சட்டி மூடியை வேண்டுமென்றே 'ணங்' என்று வைக்கிற ஓசை கேட்கும்.

ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டார். "எனக்கும் ஒரு நாளைக்கு அந்தக் கஞ்சி வெய்யி." பெரியநாயகி பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். நோயாளிக்கு வைக்கிற கஞ்சியை நன்றாக இருக்கிறவர்களுக்கு வைக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் வழக்கம். வைத்தால் நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. "என்ன பேச்சுப் பேசறீங்க? வாயக் கழுவுங்க. களி ஆறிப்போகுது, உக்காருங்க," என்றாள். அவர் உட்கார்ந்தார். நெற்றியை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார் என்றுகூடச் சொல்லலாம். களிதான் வந்தது.

அப்புறம் தானாகவே நோயைத் தேடினார். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற பெரிய குழாய் ஒன்று யார்டில் உண்டு. மார்கழி விடியலில் அதன் கீழே போய் நின்றார். கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் வந்தார். பழையதில் எருமைத் தயிரை விட்டுக்கொண்டு, மேலே வாழைப்பழமும் தின்றுவிட்டு ஈரத்துண்டோடு படுத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் முன்னைவிடப் பசித்தது. ஓர் உருண்டை களி கூடுதலாகக் கேட்டார்.

குழாயடியில் பெண்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பெரியநாயகியும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். "எங்க ஊட்டுக்காரருக்கென்ன, இரும்பு!" என்றாள் பெருமை தாங்காமல். "அவரு மேலே வண்டியே ஏறுனாலும் வண்டிக்குத்தானுங்க நோவும்." எல்லாரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். அந்த நேரம் பார்த்துச் சவரிராயன் வேலைக்குக் கிளம்பி அந்த வழியாக வந்தார். காதில் விழுந்துவிட்டது. சுத்தியலை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

இதெல்லாம் போகட்டும். அற்புதராஜின் கஞ்சி விஷயம்தான் ஸ்டேஷன் வரைக்கும் போய்ச் சிரிப்பாகிவிட்டது. அற்புதராஜ், முத்தாயம்மாளின் மகன், எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன். ஊரில் கள்ளுக்கடைகளை மூடின வருஷத்துக்கு அடுத்த வருஷம் அவனுக்கு விடாத காய்ச்சல் வந்தது. எலும்பும் தோலுமாகிவிட்டான். பெரியநாயகி தன் வீட்டு அடுப்பை மறந்து அங்கேயே கிடந்தாள். பையனும், "பெரியநாயகி அத்தை வந்தாத்தான் குடிப்பேன்," என்று அடம் பிடித்தான். சவரிராயன் நாளுக்கு இரண்டு தடவை அந்த வாசலில் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் பிழைக்க வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினதும் அவர்தான். ஆகையால் அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு வந்து, "அந்தப் பய ரொம்பத்தான் நீட்டி முழக்கறான்," என்று முணுமுணுத்தார்; இரண்டும் மெய்தான்.

ஒரு நாள் சாயங்காலம் முத்தாயம்மாள் தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டுத் திரும்பினாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் குடத்தோடு அலறினாள்.

"ஐயோ, வந்து பாருங்க இந்த அநியாயத்த! காச்சக்காரன் கஞ்சிய இந்த மனுசன் குடிச்சுக்கிட்டிருக்கறாருங்க!"

நாங்கள் எல்லாரும் ஓடினோம். சவரிராயன் கட்டிலோரம் குந்தியிருந்தார். கையில் பித்தளைக் கிண்ணம். மீசையில் நொய் ஒட்டியிருந்தது. படுத்திருந்த பையன்தான் ஈனசுரத்தில் பேசினான்.

"நாந்தானம்மா குடுத்தேன். மாமா, கஞ்சி எப்பிடி இருக்குதுன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியலே. நீங்களே குடிச்சுப் பாருங்கன்னேன்."

"உப்புச் சரியா இருக்குதான்னு பாத்தேன்," என்றார் சவரிராயன்.

அதற்குள் பெரியநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கிண்ணத்தை வாங்கி உள்ளே பார்த்தாள். அடியில் ஒட்டினது தவிர ஒன்றும் இல்லை.

"இருந்துதுங்களா?"

"என்னது?"

"உப்பு."

"இருந்துது," என்றார் அவர், மீசையைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் கூட்ஸ் ஆபீஸில் அவரை நிற்கவைத்துக் கேலி செய்தார்கள். "என்ன சவரிராயன், கஞ்சிக்கு டிக்கெட் வாங்கினீரா, வித்தவுட்டா?" அங்கே குமாஸ்தாவாக இருக்கிற குழந்தைவேல் இங்கிலீஷ் நன்றாகப் படித்தவர், நல்ல மனிதர். கேலி ஓய்ந்தபின் சவரிராயன் அவரிடம் தனியே போய், "சாமி, நீங்க படிச்சவங்க. இந்தச் சிக்குங்கறதுக்குச் சரியான அர்த்தம் என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் அங்கே விளக்குக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். வந்து எனக்கு ஒன்று விடாமல் சொன்னார்.

"அது ரயில்லே வந்த சொல் இல்லே, சவரிராயன்," என்றாராம் குமாஸ்தா. "ரயிலெல்லாம் வர்றதுக்கு பல நூற்றாண்டுக்கு முன்னாலேயே அவங்க தேசத்திலே இருக்கிற பழைய சொல். முதல்லே எந்த வியாதிக்கும் அதையே சொன்னாங்க. இப்போ சீமையிலே வாந்தி எடுக்கிறதுக்கே அப்படிச் சொல்றாங்களாம். வேகனுக்கெல்லாம் அப்புறம் வெச்சதுதான்."

"வெறும் ஒடம்புக்கு மட்டுந்தானுங்களா?"

"இல்லே, மனசுக்கும் உண்டு. ஊரை நெனச்சு ஏங்கறவனுக்கு ஒரு சிக். ஒருத்தர்மேலே ஆசை வெச்சு ஏங்கறவனுக்கு ஒரு சிக். அடுத்தவனைப் பார்த்துப் பொறாமையிலே வெந்தாலும் அதே வார்த்தையைச் சேர்த்துச் சொல்றது உண்டு."

சவரிராயன் பசை டின்னை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாராம். "அதுக்கெல்லாம் தொரை லேபிள் குடுப்பாருங்களா?" என்று கேட்டாராம். குமாஸ்தா சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. யார்டுக் கோடிக்குப் போய் வேப்பமரத்தடி வேகன்களுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

அற்புதராஜ் பிழைத்துக்கொண்டான். மறுபடியும் கரி அள்ளப் போய்விட்டான். அதற்கப்புறம் வந்ததுதான் போன ஐப்பசி மழை. லைனில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். பெரியநாயகி சேறும் சகதியுமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். நான் சாமி மாடத்தில் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சவரிராயன் வந்து டின்னைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது.

"என்ன, அடுப்பு எரியலே? இன்னைக்கு யாரு ஊட்டுலே சிக்கு?"

அவர் அடுப்புப் பக்கம் நடக்கிற ஓசை.

"உன்னத்தான் புள்ளே. யாருக்குச் சிக்கு இன்னைக்கு?"

"எனக்குத்தானுங்க," என்றாள் பெரியநாயகி. அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

 விளக்குத் திரியைத் தூண்டிவிட்ட கை அப்படியே நிற்க நான் காத்திருந்தேன். திடீரென்று சவரிராயன் சுவரைத் தட்டினார். "தங்கச்சி! தங்கச்சி! செத்த வந்து தொட்டுப் பாரம்மா. எங் கைக்குத் தெரிய மாட்டேங்குது!"

ஓடினேன். அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். அவர் மண்டியிட்டு, புறங்கையை அவள் நெற்றியில் வைத்திருந்தார். எடுத்தார், சட்டையில் துடைத்தார், மறுபடியும் வைத்தார். நான் தொட்டேன். அடுப்புக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

"கொதிக்குதுங்கண்ணா."

அவர் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலமெல்லாம் சுடற பெட்டியத் தொட்டுத் தொட்டுத் தோல் செத்துப்போச்சு, தங்கச்சி," என்றார். பிறகு அவள் பக்கம் குனிந்து, "எப்பருந்து இப்பிடி?" என்று கேட்டார்.

"முந்தாநேத்தே கொஞ்சம் இருந்துதுங்க."

"ஏன் சொல்லலே?"

"நீங்க கேக்கலீங்களே."

எங்கள் திருச்செங்கோட்டு மலையில் அம்மையும் அப்பனும் ஓருடம்பாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குச் சுரம் வந்தால் மற்றவரைத் தொட்டாலே தெரிந்துவிடும் என்று சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டதுண்டு. மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை. நான் ஈரத்துணி நனைத்துக் கொடுத்தேன். அவர் அதை நெற்றியில் போடத் தெரியாமல் கண்ணையும் சேர்த்து மூடிவிட்டார்.

விடிந்ததும் ரயில்வே டாக்டர் வந்து பார்த்தார். மழைக்காய்ச்சல்தான், பயமில்லை, படுத்திருக்க வேண்டும், கஞ்சிதான் ஆகாரம் என்று சொல்லி மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், லைன் முழுவதும் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. வராமல் இருப்பார்களா? அவள் கையால் ஒரு வாய் குடிக்காத குடும்பம் லைனில் இல்லை. ஒருத்தி ரசம், ஒருத்தி ஸ்டேஷன் ரொட்டி, ஒருத்தி சாத்துக்குடி. முத்தாயம்மாள் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள். தன் மகனைப் பிழைக்கவைத்தவள் என்று சொல்லி அழுதுகொண்டே அடுப்பையும் பிடித்துக்கொண்டாள். நானும் போனேன். கால்மாட்டில் எனக்கு இடம் கிடைத்தது.

சவரிராயனுக்குத்தான் இடம் இல்லை. கிண்ணத்தை எடுக்கப் போனால், "நீங்க ஒதுங்குங்கண்ணா, கொட்டிருவீங்க." விசிறியை எடுத்தால், "இப்பிடியா வீசறது? குடுங்க இங்கே." மருந்துப் புட்டியைக் குலுக்கினால் அதற்கும் ஒரு கை நீண்டு வாங்கிக்கொண்டது. "போயி வண்டியத் தட்டுங்க. ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றாள் முத்தாயம்மாள். அவர் தம் வீட்டு வாசலிலேயே போய் நின்றுகொண்டார். மற்ற வீட்டு வாசல்களில் எப்படி நிலையில் ஒரு கையை ஊன்றி நிற்பாரோ, அதே மாதிரி. அங்கே நின்று, முத்தாயம்மாளின் கை தம் மனைவியின் நெற்றியில் படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியநாயகி ஒரு தரம் கண்ணைத் திறந்து தலைகளுக்கு இடையில் அவரைத் தேடினாள். பார்த்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள். அவர் பதில் சொல்லுவதற்குள் ஒருத்தி ரொட்டியை நனைத்து அவள் வாயில் வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் காலையில் சவரிராயன் எக்ஸாமினர் துரை முன்னால் போய் நின்றாராம்.

"சிக் லீவு வேணுமுங்க, தொரை."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவரை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாராம். "நீயா? உனக்கு என்ன?" சவரிராயன் நெஞ்சைத் தொட்டாராம், பிறகு நெற்றியைத் தொட்டாராம், பிறகு கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றாராம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் அதுதான் அவருக்கு முதல் சிக்.

அன்று முத்தாயம்மாளும் நானும் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு, அவள் கையில் ரசமும் என் கையில் ரொட்டியுமாகப் போனோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஒரே புகை. சவரிராயன் நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். நொய் கொதித்துக் கெட்டிப்பட்டுச் சட்டியோரத்தில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"அடி புடிக்குதுங்க, கிண்டி உடுங்க," என்றாள் பெரியநாயகி பாயிலிருந்து.

"எனக்குத் தெரியும். நீ படு."

"சீரகமுங்க?"

"போட்டாச்சு. பேசாதே."

"உப்பு?"

"அதான் எனக்கு நல்லாத் தெரியுமே."

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. அவர் அகப்பையைப் போட்டுவிட்டுப் போய் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

முத்தாயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கதவை முழங்கையால் தள்ளினாள். "கஞ்சியாங்கண்ணா அது? களி மாதிரி இருக்குது! எந்திரிங்க, நகருங்க. நாங்கதான் வந்துட்டமில்லே, பாத்துக்கறோம்."

சவரிராயன் எழுந்து வந்தார். நிலைக்கு உள்பக்கம் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. யார்டில் வண்டி பார்க்கிற பார்வைதான் அது. பிறகு சட்டைப் பையில் கையை விட்டு வேகனில் ஒட்டுகிற 'சிக்' சீட்டு ஒன்றை மடித்தபடி எடுத்துப் பிரித்தார். திரும்பி அடுப்புக்குப் போய், அகப்பையில் ஒட்டியிருந்த கஞ்சியை விரலால் வழித்தார். சீட்டின் முதுகில் நடுவில் அதை வைத்து ஓரத்துக்கு இழுத்தார். சூடு அந்த விரலுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வாசலுக்கு வந்து, வெளிப்பக்கத்துக் கதவில் எங்கள் கண்ணுக்கு நேரே அதை ஒட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.